சிம் போட இடமில்லாத போன்: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறிய பதிவு

போன் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேமராவில் ஆரம்பித்து பேட்டரியில் முடிக்கிறார்கள். ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்குப் போன எனக்கு அந்த இரண்டிலும் பெரிதாக வேலை இல்லை. இழுத்தடித்தது என் செல் நம்பர். வங்கி, யுபிஐ, வாட்ஸ்அப், ஆதார், கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் கட்டிக் கிடக்கின்றன. போனை மாற்றினால் அத்தனை முடிச்சையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். எதை முதலில் அவிழ்ப்பது என்ற வரிசை பிசகினால், ஓடிபி வராமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் செய்த வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வீடு சத்துவாச்சாரியில். வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில், ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கிற யூனிட் ஒன்றில் கணக்கு. சாயங்காலங்களில் வேலூர் டவுனில் சில சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கும் பார்க்கிறேன். அதனால் போன் எனக்குப் பொழுதுபோக்கைவிட வேலைக் கருவி. பழைய போன் ஆண்ட்ராய்டு 10-இல் நின்றுவிட்ட ஒன்று. பாதுகாப்பு அப்டேட் வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. ஒரு வங்கிச் செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'பழைய மென்பொருள்' என்று எச்சரிக்கத் தொடங்கியிருந்தது. எப்படியும் மாற்றியாக வேண்டும், பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் இன்னொரு ஆண்ட்ராய்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருக்கிற மைத்துனன் ஊருக்கு வந்தான். "மாமா, நான் புதுசு வாங்கிட்டேன். இத நீங்க வெச்சிக்கோங்க" என்று தன் ஐபோன் 14-ஐக் கையில் கொடுத்தான். சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். போன் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்த்தது

அவன் போன் அவன் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய்ப் பார்த்தேன். கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தது. இது முக்கியம். அமெரிக்காவில் தவணையில் வாங்குகிற போன்கள் அந்தந்த நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டிருக்கும். பூட்டு எடுக்காமல் கொண்டுவந்தால் இங்கே நம் சிம் எதுவும் வேலை செய்யாது. அதே அபவுட் பக்கத்தில், ஏதாவது பாகம் மாற்றப்பட்டிருந்தால் அந்த விவரமும் தெரியும். மாற்றியது எதுவும் இல்லை.

பேட்டரி ஹெல்த் 86 சதவீதம். ஐபோன் 14-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முறை முழுசாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு இருக்கும் என்பது. ஐபோன் 15-இலிருந்துதான் அதை 1000 சுற்று என்று சொல்கிறார்கள். ஆகவே எனக்கு வந்த பேட்டரி நடுவயது தாண்டியது. இன்னும் கொஞ்ச காலத்தில் மாற்றச் செலவு உண்டு என்று மனக்கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவனையே உட்காரவைத்து ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறச் சொன்னேன். அதன் பிறகுதான் 'எரேஸ் ஆல் கன்டென்ட்'. கணக்கை எடுக்காமல் கம்ப்யூட்டர் வழியாக அழித்தால் ஆக்டிவேஷன் லாக் நிற்கும். பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. அவன் விமானம் ஏறிய பிறகு இதற்காக நடுராத்திரியில் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. பழைய ஐபோன் வாங்குகிற யாராக இருந்தாலும், கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே இந்த ஒரு வேலையை முடித்துவிடுங்கள்.

மறுநாள் கவரும் டெம்பர் கிளாசும் போட ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, சிம் போட எடமே இல்ல?" என்றான்.

உண்மைதான். 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 வரிசையில் ஆப்பிள் சிம் தட்டையே எடுத்துவிட்டது. எல்லாம் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்துகொள்கிற சிம். அதே மாடல் இந்தியாவில் ஒரு சிம் தட்டும் இ-சிம்முமாக விற்றது. இதில் வேடிக்கை, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஐபோன் 14-ஐ நம் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர். இங்கிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கேதான் நோக்கியா ஆலையும் 2006-இல் தொடங்கி 2014-இல் மூடியது. எந்த போன் கம்பெனியும் நிரந்தரம் இல்லை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

என்னிடம் இரண்டு நம்பர். ஒன்று தனியார் நெட்வொர்க்கில், வங்கி முதல் வாட்ஸ்அப் வரை எல்லாம் கட்டியிருக்கிற நம்பர். இன்னொன்று பிஎஸ்என்எல், பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் இருக்கிற நம்பர், அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் போகும்போதும் எனக்கு அதுதான் கைகொடுக்கும். ஐபோனில் ஒரே நேரத்தில் இரண்டு இ-சிம் ஓடும். ஆனாலும் இரண்டையும் ஒரே போனில் அடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிஎஸ்என்எல் சிம் பழைய ஆண்ட்ராய்டிலேயே இருக்கட்டும். இந்த முடிவு எவ்வளவு நல்லது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எதற்கு முன்னால் எது

சிம் மாற்றினால், அது அட்டையிலிருந்து இ-சிம்முக்கு மாறினாலும், அடுத்த 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வராது, போகாது. நம் நம்பருக்கு வேறொருவன் மாற்று சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்கிற சிம் ஸ்வாப் மோசடிகளைத் தடுக்க 2022-இல் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு இது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த ஒரு நாள் நமக்கு ஓடிபி கிடையாது. 2024 ஜூலையிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சிம் மாற்றிய 7 நாளைக்கு வேறு நெட்வொர்க்குக்குப் போர்ட் செய்ய முடியாது.

அடுத்தது யுபிஐ. புது போனில் பதிவு செய்தவுடன் முதல் சில நாள் 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஆண்ட்ராய்டுக்கு அது 24 மணி நேரம், ஐபோனுக்கு 72 மணி நேரம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று தோன்றும். நான் புரிந்துகொண்டது இது: யுபிஐ செயலி நம் நம்பரை உறுதிசெய்ய போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தால் செயலியே சத்தமில்லாமல் அனுப்பிவிடும். ஐபோனில் எந்தச் செயலிக்கும் எஸ்எம்எஸ் அனுப்புகிற உரிமை இல்லை. மெசேஜ் பெட்டியைத் திறந்து காட்டும், அனுப்புகிற பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். மனிதக் கை இடையில் வந்தால் அந்த எஸ்எம்எஸ்ஸை வேறு போனிலிருந்து அனுப்பச் சொல்லி ஏமாற்றவும் இடம் உண்டு. அதற்குத்தான் கூடுதல் காவல் போலிருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பையும் கான்டாக்டையும் முதலில் நகர்த்த வேண்டும், நம்பர் பழைய போனிலேயே உயிரோடு இருக்கும்போது. புது போனில் வாட்ஸ்அப் கேட்கிற ஓடிபி பழைய போனில் வந்து விழும், பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு இ-சிம். ஒரு நாள் காத்திருந்து யுபிஐ, வங்கிச் செயலிகள். தேதியும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. ஒன்றிரண்டு கடைகளின் ஓடிபி என் நம்பருக்கே வரும். மாதத் தொடக்கத்தில் சம்பளப் பட்டுவாடா வேறு. ஆகவே 20 தாண்டி வந்த சனி, ஞாயிறைக் குறித்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பைக் குடிபெயர்த்தது

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கும். அதை ஐபோன் படிக்காது. ஐபோன் பேக்கப் ஐகிளவுடில், அதை ஆண்ட்ராய்டு படிக்காது. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி. 2022 வரை இந்தத் திசையில் நேர்வழியே இல்லை. காசு வாங்கிக்கொண்டு மாற்றித்தருவதாகச் சொன்ன மூன்றாம் ஆள் மென்பொருள்கள்தான் உண்டு. இப்போது ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியிலேயே வாட்ஸ்அப்பும் சேர்ந்திருக்கிறது. பழைய போனில் ஆண்ட்ராய்டு 5-க்கு மேல், ஐபோனில் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 15.5-க்கு மேல் இருந்தால் போதும். ஒரே நிபந்தனை, ஐபோன் புதிதாகவோ முழுசாக அழிக்கப்பட்டோ இருக்க வேண்டும். முதன்முதலாகப் போனை ஆன் செய்து அமைக்கும்போது வருகிற திரையில்தான் அந்த வழி திறக்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தாண்டிப் போனால் மறுபடி அழித்துவிட்டுத்தான் வர வேண்டும். சிம் இல்லாமலே, வீட்டு வைஃபையில் இந்த அமைப்பை ஆரம்பித்துவிடலாம். நம்பர் அமைப்பதைப் பிற்பாடு என்று தள்ளிப்போடலாம்.

அதற்கு முன் வாட்ஸ்அப்பைக் கூட்டிப் பெருக்கினேன். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்டு டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாக, 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக வந்து நிற்கின்றன. தாமரைப் பூவோடு காலை வணக்கம், அரசியல் கூட்டத்து வீடியோ, ஒரே வைத்தியக் குறிப்பு பல குரூப்பிலிருந்து. எல்லாவற்றையும் தள்ளிவிட்டதில் பாதிக்கு மேல் இடம் காலி. சப்ளையர் பில்களும் இன்வாய்ஸ் பிடிஎஃப்களும் இருக்கிற சாட்டுகளை மட்டும் தொடவில்லை. இந்தச் சுத்தம் அழகுக்காக இல்லை. வாட்ஸ்அப் தன் சரக்கை மூட்டை கட்டுவதற்குப் பழைய போனிலேயே காலி இடம் கேட்கும்.

கான்டாக்ட் விஷயத்தில் ஒன்று. பழைய ஆட்கள் பேரை சிம்மில் சேமித்திருப்பார்கள். என் நம்பரும் பட்டன் போன் காலத்திலிருந்து வருவது, அதிலும் சில பேர் சிம்மிலேயே இருந்தன. இ-சிம்முக்கு மாறினால் அட்டைக்குள் இருந்த பேர்கள் கூட வராது. எல்லாவற்றையும் முதலில் கூகுள் கணக்குக்கு நகர்த்தி, எல்லாப் பேரும் அடங்கிய ஒரு விசிஎஃப் கோப்பாகவும் எடுத்து எனக்கே மெயில் அனுப்பிக்கொண்டேன்.

போட்டோக்களை மூவ் டு ஐஓஎஸ்ஸில் சேர்க்கவே இல்லை. என்னுடையவை கூகுள் போட்டோஸில் ஏற்கனவே இருக்கின்றன, அந்தச் செயலி ஐபோனிலும் அப்படியே ஓடுகிறது. மெமரி கார்டில் இருந்ததை ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், கான்டாக்ட், காலண்டர் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்ததில் நேரம் நிறைய மிச்சம்.

சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். இரண்டு போனும் சார்ஜரில் இருக்க வேண்டும். ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபை உண்டாக்கும். திரையில் காட்டுகிற எண்ணைப் பழைய போனில் போட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. 'இதில் நெட் இல்லையே' என்று ஆண்ட்ராய்டு கழன்றுகொண்டு மொபைல் டேட்டாவுக்கு ஓடப் பார்க்கும். செயலியை விட்டு வேறு திரைக்குப் போனாலோ, கால் வந்தாலோகூடப் பரிமாற்றம் அறுந்துபோகும். அதனால் பழைய போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்தேன். வாட்ஸ்அப்பைத் தொட்டவுடன் அது தனியாகத் திறந்து சரக்கை மூட்டை கட்டி, பழைய போனில் வெளியேறிக்கொண்டது.

நடுவில் நின்றுவிட்டது. ஐபோனில் 'சார்ஜிங் ஆன் ஹோல்ட்' என்று அறிவிப்பு, தொட்டால் சுட்டது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலூர் என்று பேரெடுத்த ஊரில், கோடையில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையில் 35 டிகிரி விடியற்காலையோடு முடிந்துவிடும். சார்ஜும் ஏறி வைஃபையும் முழு வேகத்தில் ஓடினால் போன் தாங்குமா? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, பழசுதான் நல்லா ஓடினு இருந்துச்சே" என்றார். கவரைக் கழற்றி, கீழ்வீட்டுக் கூடத்தில் மொசைக் தரை மேல் ஃபேனுக்கு நேராக வைத்து, இருட்டிய பிறகு திரும்ப ஆரம்பித்தேன். இரவு படுக்கப் போகுமுன் முடிந்தது. கோடையில் இந்த வேலையைப் பகலில் செய்யவே கூடாது.

ஐபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி, அதே நம்பரைக் கொடுத்து, பழைய போனை ஏரோப்ளேன் மோடிலிருந்து எடுத்ததும் ஓடிபி வந்தது. போட்டால், பழைய போனிலிருந்து சரக்கு வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளவா என்று கேட்டது. சாட், குரூப், பில், குரல் செய்தி எல்லாம் வந்தன. கால் ஹிஸ்டரி வரவில்லை. வராது என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் திறந்திருந்த வாட்ஸ்அப் வெப்பை மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. பழைய போனில் இருந்த சரக்கு அழியவில்லை, அங்கேயும் இருக்கிறது. எல்லாம் சரிபார்க்கும் வரை அதை ரீசெட் செய்யக் கூடாது.

இ-சிம்மும் கைக்காசும்

ஞாயிறு காலை இ-சிம். அதற்கு முன்னால் பழைய போனில் யுபிஐ லைட்டை, அதாவது சின்னத் தொகைகளைப் பின் போடாமல் கட்டுகிற பணப்பையை, மூடினேன். அந்தப் பணம் போனோடு கட்டப்பட்டது. மூடினால் வங்கிக் கணக்குக்கே திரும்பிவிடும், மூடாமல் போனை மாற்றினால் அலைய வேண்டும். பிறகு வீட்டுச் செலவுக்கு ஏடிஎம்மில் நோட்டு எடுத்துக்கொண்டேன்.

நெட்வொர்க்காரர்களின் செயலியில் கோரிக்கை கொடுத்தால் மெயிலில் க்யூஆர் வருகிறது. அதை லேப்டாப்பில் திறந்து ஐபோனால் ஸ்கேன் செய்தேன். பழைய அட்டை கொஞ்ச நேரத்தில் செத்தது, ஐபோனில் சிக்னல் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: 'உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்த நம்பரைச் சொல்லுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். நாமாகக் கேட்காமல் இது நடக்கவே கூடாது.

ஆப்பிளின் செய்தி, வீடியோ அழைப்பு வசதிகளான ஐ-மெசேஜையும் ஃபேஸ்டைமையும் அன்று அணைத்தே வைத்தேன். அவை இரண்டும் இயங்கத் தொடங்க, நமக்குத் தெரியாமல் ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் போகும். எஸ்எம்எஸ் தடை இருக்கிற அன்றைக்கு அது போகாது. ப்ரீபெய்டு என்றால் மெயின் பேலன்ஸில் கொஞ்சம் காசும் வேண்டும், மாதப் பேக்கில் இருக்கிற இலவச எஸ்எம்எஸ் இதற்கு உதவாது.

அந்த ஒரு நாள் நோட்டோடு ஊருக்குள் போய்ப் பாருங்கள். நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு நூறு ரூபாய் நீட்டினால், "சில்ற இல்ல, ஸ்கேன் பண்ணிடுங்க" என்கிறார்கள். கடைசியில் வீட்டுக்காரியின் போனிலிருந்துதான் ஸ்கேன். வீட்டில் ஒருவர் மாறும்போது இன்னொருவர் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கள் மதியம் எஸ்எம்எஸ் திறந்தது. யுபிஐ செயலி மெசேஜ் பெட்டியைக் காட்டியது, அனுப்பினேன், பதிவாயிற்று. ஐபோனில் இரண்டு நம்பர் வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தில் மட்டும் மற்ற லைனை அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எஸ்எம்எஸ் எந்த நம்பரிலிருந்து போகிறது என்று குழப்பம் வரும். அதே வாரம் சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 5,000-க்கு மேல் போகாது என்பது தெரிந்ததால் அதையும் வீட்டுக்காரி போனிலேயே கட்டிவிட்டோம். "ஏங்க, போன் ஒங்களுதா என்னுதா?" என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு இங்கே பதில் எழுத வேண்டியதில்லை.

வந்ததும் போனதும்

லாபத்தில் முதலாவது மென்பொருள் ஆயுள். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-இன் ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. ஆண்ட்ராய்டிலும் இப்போது ஏழு வருடம் அப்டேட் தருகிற போன்கள் இருக்கின்றன. 2023-இல் கூகுள் பிக்சல் 8, 2024-இல் சாம்சங் எஸ்24. ஆனால் நான் வாங்க இருந்த இருபதாயிரத்துக்குள் அந்த வாக்குறுதி கிடைப்பது அரிது. சும்மா வந்த, பேட்டரி தேய்ந்த ஐபோனைப் புது ஆண்ட்ராய்டுக்கு எதிரே வைத்தபோது தராசைச் சாய்த்தது இந்த ஒன்றுதான்.

இரண்டாவது, செயலிகளின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது. ஐபோனில் எந்தச் செயலியும் என் எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்க முடியாது. கடன் செயலிகள் கான்டாக்ட்டை உருவிக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய கதைகள் நம் தெருவிலேயே உண்டு. கூகுளும் 2023-இல் கடன் செயலிகளுக்குக் கான்டாக்ட், போட்டோ அனுமதியைத் தடை செய்துவிட்டது. ஆனால் ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே என்ற நிறுவல் கோப்பாக எதையும் நிறுவ முடியும், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதே கதவு எனக்குத் தேவையாகவும் இருந்தது. எங்கள் யூனிட்டின் வருகைப்பதிவுச் செயலி ஏபிகேதான். யாரோ ஒரு பையன் எழுதிக் கொடுத்தது. ஐபோனுக்கு வராது, வரப்போவதும் இல்லை. வங்கி எஸ்எம்எஸ்களைப் படித்துச் செலவுக் கணக்கு எழுதிக்கொடுத்த செயலியும் போயிற்று. எஸ்எம்எஸ்ஸைப் படிக்கக் கூடாது என்றால் நல்லதும் படிக்காது, கெட்டதும் படிக்காது. இப்போது எக்செலில் கையால் எழுதுகிறேன். கணக்குப்பிள்ளைக்கு அது பெரிய தண்டனை இல்லை.

பெரிய இழப்பு கால் ரெக்கார்டிங். தோல் சப்ளையர் போனில் ஒரு விலை சொல்வார், பில்லில் வேறு விலை போடுவார். என் பழைய போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்துவைக்கும். ஐபோனில் 2024-இல் வந்த ஐஓஎஸ் 18.1-இலிருந்து பதிவு வசதி உண்டு, ஆனால் 'இந்த அழைப்பு பதிவாகிறது' என்று இரண்டு பேர் காதிலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். அது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்த அறிவிப்பைக் கேட்ட சப்ளையர் விலையே சொல்லாமல் "நேர்ல பேசிக்கலாம் சார்" என்று வைத்துவிட்டார்.

கோப்பு விஷயத்தில் தினமும் கொஞ்சம் எரிச்சல். பென்டிரைவைப் பழைய போனில் ஓடிஜி என்ற ஒரு சின்ன இணைப்பான் போட்டுச் செருகிவிடுவேன். ஐபோன் 14-இல் இருப்பது லைட்னிங் துளை, டைப்-சி இல்லை. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். வீட்டில் இருக்கிற சார்ஜர் ஒயர் எதுவும் சேராது. ப்ளூடூத்தில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு போட்டோகூடப் போகாது. லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி ஒன்று இருக்கிறது. ஒரே வைஃபையில் இருந்தால் ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் பைசா செலவில்லாமல் கோப்பைத் தள்ளிவிடும். யூனிட்டில் இப்போது எல்லார் போனிலும் அதைப் போட்டுவிட்டேன். கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் இந்தச் சிக்கலே இல்லை, அங்கே எல்லாம் வாட்ஸ்அப்தான்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கூகுள் 15 ஜிபி சும்மா தருகிறது, ஆப்பிள் 5 ஜிபிதான். முழு போன் பேக்கப் அதில் அடங்கவே அடங்காது. 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய் கட்ட ஆரம்பித்தேன். 'சும்மா வந்த போன்' என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

தமிழ் தட்டச்சுக்குப் பயந்துகொண்டிருந்தேன், அங்கே சுகம். ஐஓஎஸ் 7 காலத்திலிருந்தே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் போனோடே வருகின்றன. அஞ்சல் முறை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. நான் தமிழ் 99 ஆள், 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய அதே அமைப்பு. கம்ப்யூட்டரில் பழகிய விரல் இங்கேயும் தடுமாறவில்லை. தடுமாறுவது பின்செல்லும் விரல்தான். ஆண்ட்ராய்டில் எங்கிருந்தாலும் ஓரத்தில் தள்ளினால் பின்னால் போகும். ஐபோனில் ஒரு செயலியில் இடது ஓரம் தள்ள வேண்டும், இன்னொன்றில் மேல் மூலையில் அம்பு, வேறொன்றில் கீழே இழுக்க வேண்டும். இன்னும் பழகவில்லை.

திரும்பிப் போகிற வழியையும் பார்த்து வைத்தேன். ஐபோன் வாட்ஸ்அப்பை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோக டைப்-சி, லைட்னிங் இரண்டு முனையும் உள்ள ஒயர் வேண்டும். போகிற ஆண்ட்ராய்டு புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ, கூடவே பொதுவாக ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும் இருக்க வேண்டும். என் பழைய போன் 10-இல் நிற்பதால் அதற்குத் திரும்ப முடியாது. போனால் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஒயர் ஐபோனின் பெட்டியிலேயே வந்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழைய போனில் வங்கிச் செயலி, யுபிஐ, முதல் நம்பரின் மெயில் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதில் இப்போது பிஎஸ்என்எல் சிம், வருகைப்பதிவுச் செயலி, ஓடிஜி பென்டிரைவ், கால் ரெக்கார்டிங். சப்ளையர்களுக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், பதிவாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகும்போது இரண்டு போன் பையில் போகின்றன. வீட்டுக்காரியிடம் அடுத்து நீயும் மாறுகிறாயா என்று கேட்டேன், ஸ்கேன் பண்ண ஒரு போனாவது வேணாமா என்றாள். அவளுக்கு ஆண்ட்ராய்டே, டைப்-சியும் இரண்டு சிம் தட்டும் உள்ளதாக, தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.